அர்மான் வந்து சேரும் காட்சி

எடிட்டிங் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளிடம் நான் தவறாமல் பார்க்கச் சொல்லும் படம் 1936இல் ஜார்ஜ் கியூகர் இயக்கிய ‘கமீல்’. அலெக்ஸாந்தர் துமாவின் மகன், அதே பெயர் கொண்டவர், 1848இல் எழுதிய பிரெஞ்சு நாவல்தான் கதை. காசநோயில் சாகும் மார்கரித், அவளை உயிராக நேசிக்கும் அர்மான்.

நாவலில் அவள் சாகும்போது அர்மான் பக்கத்தில் இல்லை. பிறகு பாரிஸ் திரும்புகிறவன், புதைத்த இடத்தைத் தோண்டித்தான் அவள் முகத்தைப் பார்க்கிறான். படிக்கும்போதே வயிற்றைக் கலக்கும் பக்கங்கள் அவை. 1852இல் நாடகமாக மேடையேறியபோது மகன் துமாவே அர்மானைக் கடைசி நேரத்தில் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். பிறகு வந்த பெரும்பாலான படங்களும் அந்த வழியில்தான் போயின. அல்லா நாசிமோவா நடித்த 1921 மௌனப்படத்தில் மட்டும் அர்மான் வருவதில்லை. எனக்கு அந்த முடிவுதான் பிடிக்கும்.

சரி, அப்புறம் ஏன் ‘கமீல்’? முகங்களுக்காக. ஒரு காட்சியில், மார்கரித்தைப் பணம் கொடுத்து வைத்திருக்கும் பிரபுவான பாரன் பியானோ வாசித்துக்கொண்டிருக்கிறார். வாசல்மணி அடிக்கிறது. வந்திருப்பது அர்மான் என்று மார்கரித்துக்குத் தெரியும், பாரனும் ஊகித்துவிட்டார். அவர் விடாமல் வாசிக்கிறார். இருவரும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் எவ்வளவு கொடூரம்! மார்கரித்தாக நடித்த கிரேட்டா கார்போவின் முகத்தை அவசரப்படாமல் பார்க்க விடுகிறது படம். தொகுத்தவர் மார்கரெட் பூத். அந்தக் காலத்து ஹாலிவுட்டில் பெரும் மதிப்புப் பெற்ற பெண் எடிட்டர்.

மரணக் காட்சியும் அப்படித்தான். கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்து வாழலாம் என்று அர்மான் பேசுகிறான். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் உயிர் பிரிகிறது.

நான் வேலை பார்த்த ஒரு தொலைக்காட்சித் தொடரில், நாயகி சாகும் காட்சியில் வீட்டிலிருந்த ஒவ்வொருவருக்கும் ரியாக்‌ஷன் ஷாட் வைக்கச் சொன்னார்கள். மாமியார், நாத்தனார், வேலைக்காரப் பெண், மறுபடி கணவன். வைத்துக் கொடுத்தேன். செத்துக்கொண்டிருந்தவளைத்தான் காணோம். மனசு ஆறவில்லை.

என்னிடம் பயிலும் பெண் ஒருத்தி சமீபத்தில் ஒரு குறும்படத்தை எடிட் செய்தாள். மருத்துவமனைக் காட்சியில் மகனின் குளோசப்பை எல்லாம் எடுத்துவிட்டு அம்மாவின் முகத்தை மட்டும் விட்டிருந்தாள். மகன் குரலாக மட்டும் இருந்தான். இயக்குநர் இரண்டாம் முறை போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு, மகன் உள்ளே நுழையும் ஒரே ஒரு ஷாட்டை மட்டும் திரும்பச் சேர்க்கச் சொன்னார்.