டென்பிக்குப் போன கதை

டென்பிக்கு நான் போனது கோட்டையைப் பார்க்கத்தான். வட வேல்ஸில் கிளூயிட் பள்ளத்தாக்கில் இருக்கும் சின்ன ஊர். ரயில் 1962-லேயே நின்றுபோனது, அதனால் கடற்கரை ஊரான ரில்லில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும், நான் ஒன்றைத் தவறவிட்டு மழையில் ஒரு மணி நேரம் நின்றேன். கோட்டை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தங்கிய வீட்டு அம்மா காலைச் சாப்பாட்டின்போது ஒன்று சொன்னார்: சின்ன வயதில் சேட்டை செய்தால் "டென்பிக்கு அனுப்பிடுவேன்" என்றுதான் மிரட்டுவார்களாம். டென்பியிலேயே இருப்பவரை டென்பிக்கு அனுப்புவதா? எனக்குச் சட்டென்று புரிந்தது. நம் ஊரில் கீழ்ப்பாக்கம்!

அப்புறம் என்ன, ஊருக்குத் தெற்கே நடந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்புக்கல் கட்டடம், பார்த்தால் ஜமீன் மாளிகை மாதிரி இருக்கிறது, கூரைதான் பல இடங்களில் இல்லை. உள்ளே விடமாட்டார்கள். வட வேல்ஸ் மாவட்டங்களுக்கான மனநோய் விடுதியாக 1848-ல் திறந்தது, சுமார் 200 பேருக்காகக் கட்டியது. பின்னாளில் 1,500 பேர் வரை அடைத்திருக்கிறார்கள்.

இது ஏன் கட்டப்பட்டது என்பதுதான் என்னை வேலியருகே நிற்க வைத்தது. மாவட்டங்கள் இப்படி விடுதி கட்டலாம் என்ற சட்டம் 1808-லேயே வந்துவிட்டது. கொண்டுவந்தவர் சார்லஸ் வில்லியம்ஸ்-வின், வேல்ஸ் தொகுதி எம்.பி.தான். ஆனால் "கட்டலாம்" என்றால் யார் கட்டுவார்கள்? வரிப்பணம் போகுமே. நாற்பது ஆண்டுகள் வட வேல்ஸில் ஒன்றும் எழும்பவில்லை. மனம் பிறழ்ந்த ஏழைகள் வீட்டிலோ ஏழை விடுதியிலோ கிடந்தார்கள், சிலரை இங்கிலாந்து விடுதிகளுக்கு அனுப்பினார்கள். அங்கேதான் கொடுமை. இவர்களுக்கு வேல்ஸின் மொழியான வெல்ஷ் மட்டும்தான் தெரியும், அங்கே டாக்டருக்கும் காவலருக்கும் ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். ஒருவர் பிதற்றுகிறாரா, தண்ணீர் கேட்கிறாரா என்றுகூடத் தெரியாது!

இங்கிலாந்தில் குளோஸ்டர் விடுதியின் மருத்துவர் சாமுவேல் ஹிட்ச் இதைப் பொறுக்காமல் 1842-ல் லண்டன் டைம்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஒரு வெல்ஷ்காரரை இப்படி அந்நியர் நடுவே அடைப்பது நவீன கொடுமைகளிலேயே நுட்பமானது என்பது அவர் வாதம். தன் விடுதியைப் பற்றியும்தான் சொல்கிறார் என்பதை நினைத்தால் அந்த மனிதர் மீது மரியாதை வருகிறது. நன்கொடை திரண்டது, ஜோசப் ஆப்லெட் என்ற நிலக்கிழார் 20 ஏக்கர் நிலம் கொடுத்தார். மாவட்டங்கள் கட்டியே ஆக வேண்டும் என்று 1845-ல் சட்டம் வருவதற்குள் இங்கே வேலை தொடங்கிவிட்டது. ஊழியருக்கு வெல்ஷ் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் ஆரம்பத்திலிருந்தே குறியாக இருந்தார்கள்.

அதற்காக இதைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. பண்ணையிலும் சலவைக்கூடத்திலும் நோயாளிகளே உழைத்தார்கள், கூட்டம் பெருகப் பெருகக் கவனிப்பு தேய்ந்தது. பழைய பதிவேடுகள் பக்கத்து ஊர் ரூதினில், பழைய சிறைச்சாலையில் இருக்கும் ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. வெல்ஷில் புலம்பியவர்களின் குறிப்புகளை டாக்டர்கள் ஆங்கிலத்தில் எழுதினார்கள். யாரோ ஒருவரின் அம்மா அழுததெல்லாம் மொழிபெயர்ப்பில் இரண்டு வரி.

பிரதான கட்டடம் 1995-ல் மூடியது. 2008-ல் ஒரு பேய் டிவி நிகழ்ச்சிக்காரர்கள் ஹாலோவீனுக்கு இங்கே வந்து கூத்தடித்தார்கள், ஊர்க்காரர்களுக்குக் கடும் கோபம். இருக்காதா, உள்ளே வேலை பார்த்தவர்களும் படுத்திருந்தவர்களும் அவர்கள் வீட்டு மனிதர்கள்தானே. அதே ஆண்டு நவம்பரில் தீப்பிடித்து நடுமண்டபம் போனது.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்துத் தாத்தா எங்கே போய்வருகிறீர்கள் என்று கேட்டார். பழைய ஆஸ்பத்திரிக்கு என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பரவாயில்லையே, வெளியே விட்டுட்டாங்களா?"