வால்வைத் திறந்தால் தானே கிளம்பிவிடும் கரைப்பான்

விதையிலிருந்து எண்ணெய் எடுக்கப் பல வருஷம் ஹெக்சேன் என்ற கரைப்பானைத்தான் பயன்படுத்தினேன். எண்ணெயைக் கரைத்து எடுப்பது எளிது. அதிலிருந்து ஹெக்சேனை விரட்டுவதுதான் பெரும்பாடு. கரைப்பானை ஆவியாக்கிப் பிரிக்கும் ரோட்டரி எவாப்பரேட்டரில் மணிக்கணக்கில் சுற்றவிட்டாலும் வாசனை லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும். நரம்பைப் பாதிக்கும் பொருள், சட்டென்று தீப்பிடிக்கவும் செய்யும்.

அப்புறம்தான் அதற்கு மாற்றாக, சாளரம் வைத்த உயர் அழுத்தக் கலனில் கார்பன் டை ஆக்சைடைப் பார்த்தேன். கீழே திரவம், மேலே வாயு, நடுவில் கோடு போட்ட மாதிரி ஒரு மட்டம். மெல்லச் சூடேற்றினோம். 31 டிகிரியை நெருங்கும்போது அந்தக் கோடு மங்கியது, உள்ளே பால் கலந்ததுபோல வெளுத்தது. பிறகு தெளிந்தபோது கோட்டையே காணோம். 1869இல் வேதியியலாளர் தாமஸ் ஆண்ட்ரூஸ் இதே வாயுவை வைத்துத்தான், திரவம், வாயு என்ற வேறுபாடு மறையும் இந்தப் புள்ளியை விளக்கினார். அதைத் தாண்டிய நிலைக்குத்தான் சூப்பர்கிரிட்டிக்கல் என்று பெயர். வாயுவைப் போல விதைத்தூளின் இண்டு இடுக்கெல்லாம் நுழையும், திரவத்தைப் போலக் கரைக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, அழுத்தத்தை வைத்தே அதன் கரைக்கும் வலுவை மாற்றலாம் என்பது. 40 டிகிரியில் 100 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) கொடுத்தால் லிட்டருக்குச் சுமார் 630 கிராம் அடர்த்தி, 300 பாரில் 900 கிராமைத் தாண்டிவிடும். அடர்த்தி கூடக் கூட எண்ணெய் அதிகமாகக் கரையும். வேலை முடிந்து அழுத்தத்தை இறக்கினால் வாயு தானே பிரிந்துவிடும், எண்ணெய் மட்டும் கீழே தங்கும். முதல் தடவை அந்த எண்ணெயை முகர்ந்தபோது விதையின் மணம் மட்டுமே இருந்தது. காபிக் கொட்டையிலிருந்து காஃபீனைப் பிரிக்க ஜெர்மன் வேதியியலாளர் கர்ட் சோசல் கண்டுபிடித்த முறையிலும் இதே கரைப்பான்தான்.

வால்வில் கவனம் வேண்டும். வாயு விரிந்ததும் கடும் குளிராகிவிடும். ஒருமுறை ஹீட்டர் போதவில்லை. வால்வின் வெளியே வெண்பனி படர்ந்தது, உள்ளே உலர்பனி, அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு, அடைத்து ஓட்டமே நின்றுபோனது. அறையில் வாயுக் கசிவைக் காட்டும் உணரி இல்லாமல் நான் இயந்திரத்தைத் தொடமாட்டேன், மூச்சுத் திணறல் சத்தமில்லாமல் வரும்.

எல்லாவற்றையும் இது கரைக்காது. முனைவுள்ள, அதாவது மூலக்கூறில் மின்சுமை சமமாகப் பரவாத, சேர்மங்களுக்குக் கொஞ்சம் எத்தனால் சேர்க்க வேண்டும். பம்புக்கு மின்சாரமும் நிறையப் பிடிக்கும். வாயுவைப் பெரும்பாலும் நொதித்தல் ஆலை, அமோனியா ஆலைக் கழிவிலிருந்தே பிடிக்கிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அதைக் காற்றில் விட எனக்கு மனசு வரவில்லை. அதனால் இப்போது வெளியேறும் வாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்கி மறுபடி பம்புக்கே அனுப்புகிறோம்.