க்ரூசிபிளின் சின்ன அரங்கு: ஷெஃபீல்டில் ஒரு மாலை

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நாடகம் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் க்ரூசிபிள் நாடகக் கட்டடத்தின் பெரிய அரங்குக்குத்தான் டிக்கெட் தேடுகிறார்கள். 1971இல் திறந்தது, பார்வையாளர் நடுவே நீண்டு வரும் மேடை, மூன்று பக்கமும் சேர்த்து 980 இருக்கைகள். 1977 முதல் உலக ஸ்னூக்கர் போட்டி நடப்பதும் அங்கேதான். அதே கட்டடத்துக்குள் அதிகபட்சம் 400 பேர் அமரும் இன்னொரு அரங்கு இருக்கிறது. கையில் ஒரே ஒரு மாலை என்றால் அதற்கே போங்கள்.

பழைய குறிப்புகளில் 'ஸ்டுடியோ' என்று இருப்பது இதுதான். இப்போதைய பெயர் தான்யா மொய்செவிச் பிளேஹவுஸ். பெரிய அரங்கின் மேடையை வடிவமைத்தவர்தான் தான்யா மொய்செவிச். அதற்கு முன்பே கனடாவின் ஸ்ட்ராட்ஃபோர்டிலும் அமெரிக்காவின் மினியாபொலிஸிலும் நாடக இயக்குநர் டைரோன் கத்ரியோடு இதே வகை மேடைகளை உருவாக்கியவர்.

சின்ன அரங்கில் இருக்கை அமைப்பு நாடகத்துக்கு நாடகம் மாறும். போன முறை நன்றாக இருந்த இடம் இந்த முறை மேடைக்குப் பக்கவாட்டில் போயிருக்கலாம். ஆகவே அந்தந்த நாடகத்தின் வரைபடத்தைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். மூன்று பக்க அமைப்பு என்றால் பக்கவாட்டின் கடைக்கோடி வேண்டாம், நடிகர்களின் முதுகுதான் அதிகம் தெரியும். நான்கு பக்கமும் சுற்றி உட்காரும் அமைப்பில் அந்தக் கவலை குறைவு; நடிகர்கள் ஓரிடத்தில் நிற்காமல் திரும்பிக்கொண்டே இருப்பார்கள். எதிர்ப்பக்கத்தாரின் கண் கூசாதிருக்க விளக்குகளைச் செங்குத்தாக இறக்கியிருப்பார்கள். அதனால் முகத்தில் நிழல் விழும், கண்ணசைவைப் பார்க்க முன்வரிசைகளே நல்லவை. நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தால் பையைக் காலடிக்குள் தள்ளி வையுங்கள். நடிகர்கள் இருட்டில் அவ்வழியே ஓடி வரக்கூடும்.

தாமதமாக வந்தால் உள்ளே விடுவது உறுதியில்லை. இவ்வளவு சின்ன இடத்தில் கதவைத் திறந்தாலே வெளிச்சமும் சத்தமும் காட்சியைக் கெடுத்துவிடும்.

ரயில் நிலையத்திலிருந்து ஹோவர்ட் தெரு வழியே மேடேறிப் பத்து நிமிட நடை. பகலில் மில்லேனியம் கேலரிக்குள் புகுந்து, விண்டர் கார்டன் என்னும் கண்ணாடித் தோட்டத்தைக் கடந்தால் டியூடர் சதுக்கம். எதிரே க்ரூசிபிள், பக்கத்தில் 1897இல் திறந்த லைசியம் நாடக அரங்கு. நாடகம் முடியும் நேரத்தில் அந்தக் குறுக்குவழி பூட்டியிருக்கும், தெருவைச் சுற்றித்தான் இறங்க வேண்டும். இரவுக் காட்சிக்குப் பிறகு லண்டன் ரயிலை நம்பாதீர்கள்; பிற்பகல் காட்சிக்குப் போங்கள், அல்லது ஊரிலேயே தங்குங்கள். ஏப்ரல் பிற்பாதியிலிருந்து மே தொடக்கம் வரை ஸ்னூக்கர் கூட்டம் வரும், அப்போது அறையை வெகு முன்னதாகப் பிடித்துவிடுங்கள்.