பத்து மீட்டரும் சாட்ஸ்வொர்த் மேடும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கு நடைப்பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். வார்டுக்குள் நுழைந்ததுமே குடும்பத்தார் கேட்டுவிடுவார்கள்: "எப்போ நடப்பான், தம்பி?"

பதிலைத் தேட முதலில் எடுப்பது ஒரு சாதாரண ஊக்கு. ஆசனவாயைச் சுற்றி உணர்ச்சியும் இல்லை, இறுக்கவும் முடியவில்லை என்றால் அது முழுக்காயம். நடை திரும்புவது அபூர்வம். கால் அசையாவிட்டாலும் ஊக்கு குத்துவது சுருக்கென்று தெரிந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பு வரும். அந்த உணர்வைக் கொண்டுபோகும் நரம்புப்பாதை, காலை அசைக்கும் பாதைக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. ஒன்று தப்பியிருந்தால் மற்றதும் தப்பியிருக்கலாம்.

கேப் டவுனில் 2013-14இல் எடுத்த கணக்கில் முதுகுத்தண்டுக் காயங்களில் பாதிக்கு மேல் தாக்குதலால் வந்தவை. கத்திக்குத்தில் தண்டு ஒரு பக்கம் மட்டும் அறுபடுவதுண்டு. ஒரு கால் இழுக்கும்; மறு காலில் சூடு தெரியாது. இதை விளக்கிய மருத்துவர் பிரௌன்-செக்கார் 1817இல் மொரீஷியஸின் போர்ட் லூயியில் பிறந்தவர், நம் பக்கத்துத் தீவுக்காரர்! இப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலோர் மறுபடி நடந்துவிடுகிறார்கள்.

வாரில் தொங்கவிட்டு டிரெட்மில்லில் நடக்கவைக்கும் வசதி இல்லையே என்று குடும்பத்தார் ஏங்குவார்கள். 2006இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், தரையிலேயே பயின்றவர்களும் டிரெட்மில்லில் பயின்றவர்களுக்குச் சமமாகத்தான் தேறினார்கள். செலவழித்த நேரம்தான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

எனக்கு உறுத்துவது வேறு. எங்கள் நடைச் சோதனை 10 மீட்டர் தூரம்தான், அதுவும் வழுவழுப்பான தரையில். டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தோ மேடும் பள்ளமுமான ஊர். பல வீடுகளுக்குத் தெருவிலிருந்து படி இறங்க வேண்டும். காலில் சக்தியே இல்லாதவர் நீளக் காலிப்பர் (தொடைவரை காலைத் தாங்கும் சட்டம்) மாட்டி நடந்தால் தோளும் கையும்தான் மொத்த உடம்பையும் தூக்குகின்றன. சக்கர நாற்காலியில் போவதைவிடப் பல மடங்கு களைப்பு. அதனால் நடையோடு நாற்காலி ஓட்டவும் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கிறேன். "நம்பிக்கை போயிடுச்சா?" என்று சிலர் கோபப்படுவார்கள். சரி, கோபப்படட்டும்.

ஒரு பையன் இப்போது கட்டிலிலிருந்து கழிப்பறைவரை ஊன்றுகோலில் நடக்கிறான்; கடைத்தெருவுக்கு நாற்காலி. மகன் நடந்தால் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக அவன் அம்மா வேண்டியிருந்தாராம். இந்த நடை அதற்குப் போதுமா என்று என்னைக் கேட்டார். கோயில் ஐயரைத்தான் கேட்க வேண்டும் என்றேன். ஐயர் போதும் என்றுவிட்டார்.