ஷார்ட்ஸ்டாப்பில் நின்ற பையன்

அரிசோனாவில் ஒரு பேஸ்பால் அணியின் பயிற்சி வளாகத்தில் ஐந்து வருடம் வீடியோ எடுத்தேன். காலை ஏழு மணிக்கே முக்காலியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட வேண்டும். பத்து மணிக்கு மேல் வெயில் நிற்க விடாது. பதினேழு, பதினெட்டு வயதுப் பையன்கள் பந்து பிடிப்பதைப் படமெடுப்பேன், ஸ்டாப்வாட்ச்சில் நேரம் குறிப்பேன், ராத்திரி உட்கார்ந்து அதையெல்லாம் அறிக்கையாக எழுதுவேன். எந்தப் பையனை எந்த இடத்தில் ஆடவிடுவது என்று முடிவெடுக்கிற கூட்டத்தில் அந்த அறிக்கையும் மேஜை மேல் இருக்கும்.

டொமினிக்கன் குடியரசிலிருந்து வருகிற பையனிடம் உன் இடம் எது என்று கேட்டால், பெரும்பாலும் 'காம்போகோர்த்தோ' என்பான். ஸ்பானிய மொழியில் ஷார்ட்ஸ்டாப். செகண்ட் பேஸுக்கும் தேர்ட் பேஸுக்கும் நடுவில் நிற்கிற ஆள். (பேஸ் என்பது பந்தை அடித்தவன் ஓடித் தொட வேண்டிய இடம்.) ஊரிலேயே துடிப்பான பையன் எவனோ அவனைத்தான் அங்கே நிறுத்துவார்கள். அணிகளும் அப்படிப்பட்டவர்களைத் தேடித்தான் ஒப்பந்தம் போடுகின்றன. ஆனால் ஓர் ஆட்டத்தில் ஷார்ட்ஸ்டாப் ஒருவன்தான். மற்றவர்கள் நகர்ந்தாக வேண்டும்.

எங்கே நகர்த்துவது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பில் ஜேம்ஸ் என்ற ஆய்வாளர் இடங்களைக் கடினத்தின்படி வரிசைப்படுத்தினார். ஒரு முனையில் ஷார்ட்ஸ்டாப், அடுத்து செகண்ட் பேஸ், பேஸ்களுக்கு வெளியே தூரத்தில் நடுவில் இருக்கிற சென்டர் ஃபீல்ட். மறுமுனையில் தூரத்து இடப்பக்கமான லெஃப்ட் ஃபீல்ட், ஃபர்ஸ்ட் பேஸ். (மட்டைக்காரருக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிக்கிற கேட்சர் வேலை தனி ரகம், அது இந்த வரிசையில் அடங்காது.) கடினமான முனையிலிருந்து எளிதான முனைக்கு இறங்கலாம், திரும்ப ஏறுகிறவர்கள் மிகக் குறைவு. இறங்க இறங்க மட்டையின் மேல் பாரம் கூடும். ஷார்ட்ஸ்டாப் சுமாராக அடித்தாலும் பொறுத்துக்கொள்வார்கள், ஃபர்ஸ்ட் பேஸில் நிற்கிறவன் வெளுத்து வாங்க வேண்டும். ஆகவே ஒருவனை நகர்த்துவது என்றால் அவன் பிழைப்புக்கான நிபந்தனையையே மாற்றுவது. இது எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆயிற்று.

அந்த இரண்டாவது வருடத்தில்தான் அந்தப் பையன் வந்தான். நல்ல உயரம், இன்னும் வளர்ந்துகொண்டிருந்தான், இடுப்பு கொஞ்சம் கனக்க ஆரம்பித்திருந்தது. இந்த உடம்பு ஷார்ட்ஸ்டாப்புக்குத் தாங்காது என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. பேஸ்களை ஒட்டி நிற்பவர்களுக்கான இன்ஃபீல்ட் பயிற்சியாளர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய நட்சத்திர ஆட்டக்காரர் கால் ரிப்கன் ஆறடி நாலங்குலம் இருந்தாரே, 1982இல் அவரை தேர்ட் பேஸிலிருந்து ஷார்ட்ஸ்டாப்புக்குத்தானே கொண்டுபோனார்கள் என்றார். எடுபடவில்லை. என் அறிக்கையில் அவன் செய்த பிழைகளின் மொத்த எண்ணிக்கை இருந்தது, மற்றவர்களைவிட நன்றாகவே அதிகம். அதைக் காட்டித்தான் விவாதத்தை முடித்தார்கள். அவன் ஃபர்ஸ்ட் பேஸுக்குப் போனான்.

அப்புறம்தான் ஒரு நாள், வேறு வேலையாக அவனுடைய பழைய வீடியோக்களைப் பிரித்துப் பார்த்தேன். கைக்கு வந்த பந்தை அவன் அநேகமாக விட்டதே இல்லை. பிழை எல்லாம் எறிவதில். அதிலும் ஒரே மாதிரி: தேர்ட் பேஸ் பக்கம் ஓடி, க்ளவைத் திருப்பிப் பந்தை எடுக்கிறான், வலது கால் ஒரு சாண் தள்ளி ஊன்றுகிறது, உடம்பு அந்தப் பக்கமே சாய, பந்து ஃபர்ஸ்ட் பேஸ் ஆளின் தலைக்கு மேல் போகிறது. பந்தை அடித்துவிட்டு ஓடுகிற சராசரியான வலக்கை ஆட்டக்காரர் சுமார் 4.3 வினாடியில் ஃபர்ஸ்ட் பேஸைத் தொட்டுவிடுவார். அதற்குள் எறிய வேண்டுமே என்ற பதற்றத்தில் காலைச் சரியாக ஊன்றாமலே எறிந்திருக்கிறான். பயிற்சியாளரிடம் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் மைதானத்துக்கு அழைத்துப் போய், கையிலிருந்த மெல்லிய மட்டையின் அடிப்பிடியால் மண்ணில் ஒரு கோடு கிழித்தார். "கால் இங்கே விழணும். ஒரு குளிர்காலம் போதும் எனக்கு" என்றார்.

நியூயார்க் யாங்கீஸ் அணியின் பழைய கதை இரண்டு உண்டு. மிக்கி மேன்டில் 1950இல், பெரிய லீகுக்கு வரும் முன், ஜாப்ளின் ஊரின் கீழ்மட்ட அணியில் ஷார்ட்ஸ்டாப்பாக 55 பிழை செய்தார். அடுத்த வருடமே அவுட்ஃபீல்டுக்கு, அதாவது பேஸ்களுக்கு வெளியே இருக்கிற தூரத்துப் பகுதிக்கு, மாற்றினார்கள். டெரெக் ஜீட்டர் 1993இல் கிரீன்ஸ்பரோ ஊரின் கீழ்மட்ட அணியில் 56 பிழை செய்தார். அவரை அங்கேயே விட்டுவைத்தார்கள். பின்னால் அவர் பெரிய லீகில் 2,674 ஆட்டம் ஷார்ட்ஸ்டாப்பிலேயே நின்றார், பந்து பிடிக்க வேறெந்த இடத்திலும் நின்றதில்லை. மேன்டிலை மாற்றியதும் சரி, ஜீட்டரை விட்டுவைத்ததும் சரி. எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான். இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் மொத்த எண்ணிக்கையை மட்டும் எழுதிக் கொடுத்தேன். அது என் தப்பு.

அந்தப் பையனிடம் முடிவைச் சொன்ன அன்று நான் அந்த அறையில் இருந்தேன். ஃபர்ஸ்ட் பேஸுக்கான பெரிய க்ளவைப் புதிதாகக் கொடுத்தார்கள். அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "நான் என்ன தப்பு செய்தேன்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். தப்பில்லை, உன் உடம்பு மாறுகிறது என்றார்கள். என் வரையில், இதைவிட மோசமாக ஒரு பையனுக்கு இதைச் சொல்ல முடியாது. எந்த அசைவில் குறை, அதைச் சரிசெய்ய எத்தனை நாள் அவகாசம் என்று சொல்லியிருந்தால் அவன் இரவு பகல் பார்க்காமல் உழைத்திருப்பான். உடம்பை அவன் என்ன செய்வான்?

ஃபர்ஸ்ட் பேஸில் அவன் ஒழுங்காகத்தான் பிடித்தான். மட்டைதான் அந்த இடத்துக்குப் போதவில்லை. நான் வீடியோவோடு போனபோது, முடிந்துபோனதைக் கிளற வேண்டாம் என்றார்கள். அடுத்த சீசனிலிருந்து என் அறிக்கையில் பிழைகளைப் பிடிப்பது, எறிவது, கால் ஊன்றுவது என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வீடியோவைச் சேர்த்தே கொடுத்தேன். அதனால் இரண்டு பையன்கள் இன்னொரு வருடம் ஷார்ட்ஸ்டாப்பில் நின்றார்கள்.

அவனை அணியிலிருந்து விடுவித்த நாளில் வீடியோ அறைக்கு வந்தான். ஊருக்கு எடுத்துப்போகத் தன் வீடியோக்கள் வேண்டும் என்றான். எல்லாவற்றையும் பென் டிரைவில் போட ஆரம்பித்தேன். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் என் கையைப் பிடித்து நிறுத்தினான். "காம்போகோர்த்தோ மட்டும்" என்றான்.