அப்பாவின் ஈறு வீங்கியபோது வெற்றிலையைத்தான் திட்டினோம்

யங்கோனில் எங்கள் வீட்டில் யாருக்கு ஈறில் ரத்தம் வந்தாலும் பழி குன்யா (வெற்றிலைப் பாக்கு) மேல்தான் விழும். அப்பா நாற்பது வருடமாக வெற்றிலை போடுகிறவர். அதனால் போன மழைக்காலத்தில் ஈறு வீங்கி அவர் பல்லில் பாதியை மூடியபோதும், காலையில் தலையணையில் ரத்தக்கறை இருந்தபோதும், வெற்றிலை டப்பாவை ஒளித்து வைத்ததோடு சரி.

முதலில் போன கிளினிக்கில் பல் ஆடுகிறது, பிடுங்கிவிடலாம் என்று நாள் குறித்துவிட்டார்கள். அத்தைக்கு மனசு கேட்கவில்லை, முந்தின நாளே வேறொரு சயாமாவிடம் (பெண் டாக்டரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) கூட்டிப்போனார். அவர் வாயோடு நிறுத்தவில்லை. கண் இமையை இழுத்துப் பார்த்தார், கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று தடவினார், காலில் ஊசி குத்தினாற்போல் இருந்த சிவப்புப் புள்ளிகளைக் கண்டதும் முகம் மாறிவிட்டது. "ரத்தப் பரிசோதனை வராமல் இந்தப் பல்லில் கை வைக்க மாட்டேன்" என்றார்.

மாலையில் ரிசல்ட் வந்தது. ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்குக் குறையக் கூடாது, அப்பாவுக்கு வெறும் 18,000, வெள்ளணுக்களோ ஏகத்துக்கு ஏறியிருந்தன. அந்த நிலையில் பல்லைப் பிடுங்கியிருந்தால் ரத்தத்தை நிறுத்துவதே பெரும்பாடாகியிருக்கும், நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. ஈறு வீக்கம் வாரக்கணக்கில் வற்றாமல், கூடவே களைப்பும் காய்ச்சலும் இருந்தால் தயவுசெய்து முதலில் ஒரு சிபிசி (ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கும் பரிசோதனை) எடுத்துவிடுங்கள்.

எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையில் அக்யூட் மைலாய்ட் லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய், அதிலும் மோனோசைட் வகை என்று தெரிந்தது. முதிராத வெள்ளணுக்கள் ஈறுக்குள்ளேயே போய்த் தங்குவதால்தான் வீக்கம், வெற்றிலையால் வந்ததில்லை என்று ரத்தநோய் டாக்டர் சொன்னார்.

கீமோ மருந்துகள் ஆரம்பித்தன: சைட்டாரபின் ஏழு நாள், டானோருபிசின் மூன்று நாள். இரண்டாவது வாரம் வாயெல்லாம் புண், கஞ்சி கூட இறங்கவில்லை. அப்போதுதான் சயாமாவும் ரத்தநோய் டாக்டரும் மாற்றி மாற்றிப் போனில் பேசிக்கொண்டதன் அருமை புரிந்தது. அன்றன்றைய பிளேட்லெட்டைக் கேட்டுத்தான் மெல்லிய பிரஷ்ஷா, ஈரத்துணியா என்று சயாமா சொல்வார். உப்பும் சோடா உப்பும் கலந்த தண்ணீரில்தான் கொப்பளிக்க வேண்டும், ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் கூடவே கூடாது. நாக்கில் வெள்ளை படிந்ததும் நிஸ்டாட்டின் என்ற பூஞ்சை மருந்து கொடுத்தார்கள். அப்புறம் உணவு ஆலோசகர், மிளகாய் இல்லாமல் ஆறவைத்த மொஹிங்கா (மீன் சூப்பில் போட்ட நூடுல்ஸ்) கொடுக்கலாம் என்றார், அதைத்தான் அப்பா முதலில் விழுங்கினார்.

நாலாவது வாரம் ஈறு வற்றிப் பல் முழுசாகத் தெரிந்தது. அந்த ஆடும் பல்லை இன்னும் பிடுங்கவில்லை. ரத்த அணுக்கள் ஏறட்டும், பிடுங்கும் தேதியை இரண்டு பேருமாகக் குறிக்கிறோம் என்று சயாமாவும் ரத்தநோய் டாக்டரும் சொல்லியிருக்கிறார்கள்.