ஒரு சாண் வட்டம்

எண் சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று கேட்டு வளர்ந்தவன் நான். அதனால், "மான் எதிரே வந்தால் எங்கே குறி வைப்பாய்?" என்று பெரியவர் கேட்டதும் நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டினேன். காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், நவம்பரில் வரும் தாங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள், துப்பாக்கியோடு மான் வேட்டை. அந்த வாரம் ஆபீசில் பாதி நாற்காலி காலி. "ஒருமுறை வந்துதான் பாரேன்" என்று கூப்பிட்ட நண்பனின் அப்பாதான் இந்தப் பெரியவர். 1973-லோ அதற்கு அப்புறமோ பிறந்தவர்கள் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும். முடிக்காத என்னைப் போன்றவனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு குரு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த வேலையும் அவருக்கே.

"தலையை மறந்துவிடு" என்றார். மூளை சின்னது, தலையோ ஒரு நொடி சும்மா இருக்காது. கொஞ்சம் பிசகினால் தாடை உடைந்து ஓடிப்போய்ப் பட்டினி கிடந்து சாகும். வயிற்றில் பட்டாலோ மணிக்கணக்கில் தவிக்கும், கறியும் கெட்டுப்போகும். அப்புறம் வீட்டு லாப்ரடாரைப் பக்கவாட்டில் நிறுத்தினார். முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டி விரலை மேலே நகர்த்தி, உடம்பின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நிறுத்தினார். "இங்கே. கீழே இதயம், மேலே நுரையீரல். ஒரு சாண் வட்டம். துளி முன்னே பின்னே போனாலும் தப்பில்லை." யாரோ சொறிந்துவிடுகிறார்கள் என்று நினைத்து நாய் கண்ணை மூடிக்கொண்டது.

"கொஞ்சம் அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றால்?"

"அந்தப் பக்கத்து முன்னங்காலை மனசில் வைத்துச் சுடு. குண்டு குறுக்கே போய் நடுவில் பாயும்."

"நேரே என்னைப் பார்த்து நின்றால்?"

"காத்திரு."

"முதுகைக் காட்டினால்?"

"அதற்கும் காத்திரு."

சனிக்கிழமை விடியற்காலை, மைனஸ் எட்டு டிகிரி. ரோடு போடுகிறவர் மாதிரி கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சுச் சட்டையில், மரத்துமேல் பலகையில் இருவரும். மானுக்கு அந்த நிறம் அவ்வளவாகத் தெரியாதாம். என் பல் தந்தியடித்தது கட்டாயம் கேட்டிருக்கும்.

வெளிச்சம் பரவியதும் வந்தது, எழுபது கஜத்தில். நேரே பார்த்தது. காத்திருந்தேன். திரும்பிப் பின்புறத்தைக் காட்டியது. அதற்கும் காத்திருந்தேன். அப்புறம் பக்கவாட்டில் நின்றது, போட்டோவுக்கு நிற்பது போல. முன்னங்கால், பின்விளிம்பு, மூன்றில் ஒரு பங்கு... கீழிருந்தா, மேலிருந்தா? துப்பாக்கித் தொலைநோக்கிக்குள் குறி பார்க்கும் குறுக்குக்கோடு என் நெஞ்சுத் துடிப்புக்கு ஏற்றபடி மான் முழுக்க ஊர்வலம் போனது. கீழிருந்துதான் என்று முடிவுக்கு வந்தபோது மான் லேசாகச் சாய்ந்து திரும்பிவிட்டது. இப்போது அந்தப் பக்கத்துக் கால். அது மானுக்கு இடதா, எனக்கு இடதா?

உஸ்ஸென்று மூக்கால் சீறியது. வெள்ளை வால் கொடி மாதிரி எழுந்தது. மூன்றே தாவல்.

பெரியவர் பிளாஸ்க்கைத் திறந்தார். "பக்கவாட்டில் நன்றாகவே நின்றது" என்றார். "நீ பரீட்சை எழுதி முடிக்கட்டும் என்றுதான் நானும் சும்மா இருந்தேன்."

சாயங்காலம் வீட்டு வாசலில் காரை நிறுத்தும்போது, அடுத்த வீட்டுக்காரர் ஹாலோவீன் முடிந்தும் எடுக்காமல் விட்டிருந்த பூசணிக்காயை ஒரு மான் தின்றுகொண்டிருந்தது. பத்தடி தூரம், அப்பழுக்கில்லாத பக்கவாட்டு. என் விரல் தானாகவே ஸ்டியரிங்கை விட்டு எழுந்து முன்னங்காலுக்குப் பின்னால் போய் நின்றது. போன் அடித்தது. மனைவி.

"மான் கிடைச்சுதா?"

"நம்ம வாசல்லதான் நிக்குது. கதவைத் திறக்காதே."